பரண் பொம்மைக்குப் பட்டுக்கரை

நிறம் உதிர்ந்த கொலு பொம்மையைத் தூக்கிப் போடாமல், நாமே வண்ணம் தீட்டப் பழகினால் என்ன? பட்டு நெசவு ஊரான தேசூரிலிருந்து, தூரிகை பிடிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழித்துணை.

கொலு வைக்கிற வீடுகளில் மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் ஒரு விசாரணைக் கமிஷன் உட்காரும். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகள் இறங்கும். சுற்றிவைத்த பழைய வேட்டியையும் தினத்தாளையும் பிரித்தால் கிருஷ்ணரிடம் புல்லாங்குழல் இருக்காது. முருகர் வேலைத் தொலைத்திருப்பார். தசாவதார வரிசையில் வாமனரின் குடை போயிருக்கும். போன வருஷம் கட்டிவைத்தது யார், பெட்டியைத் தலைகீழாக வைத்தது யார் என்று பேச்சு வளரும். கடைசியில் வீட்டுப் பெரியவர் தீர்ப்பு சொல்வார்: “மூளிப் பொம்மையைப் படியில வைக்கக் கூடாது.” அந்தப் பொம்மை அரசமரத்தடிக்கோ, மறுபடியும் பரணுக்கோ போகும். அதன் இடத்துக்குப் புதிது ஒன்று வரும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. நாலு தூரிகை, ஏழு அக்ரிலிக் புட்டி, கொஞ்சம் எம்-சீல், நல்ல வெளிச்சம் படுகிற ஒரு திண்ணை. இவ்வளவு இருந்தால் அந்தப் பொம்மையைப் படிக்குத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கலைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய டிராயிங் மார்க்கையும் யாரும் கேட்கப் போவதில்லை.

கையளவு உருவங்களுக்கு வண்ணம் தீட்டுவது இன்று உலகம் முழுக்கப் பரவிய பொழுதுபோக்கு. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே பொம்மைச் சிப்பாய்களை வைத்துத் தரையில் போர் விளையாடும் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ என்று புத்தகமாகப் போட்டார். 1975-ல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1983-ல் ‘வார்ஹேமர்’ என்ற மேசை விளையாட்டைக் கொண்டுவந்தது. அதன் வீரர்கள் சுமார் 28 மில்லிமீட்டர் உயரம், கட்டைவிரலின் மேல்கணு அளவு. வாங்கும்போது அவற்றில் நிறம் இருக்காது. வாங்கியவரே உட்கார்ந்து தீட்ட வேண்டும். கவசத்துக்கு ஒரு பூச்சு, துணிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒரு புள்ளி என்று மாதக் கணக்கில் குனிந்து தீட்டுகிறவர்கள் அங்கே உண்டு. விளையாடுவதைவிடத் தீட்டுவதுதான் பிடித்திருக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு.

நம் ஊரில் மேசைக்குப் பதில் படி. போர்வீரனுக்குப் பதில் செட்டியாரும் ஆச்சியும். கைவேலை ஏறக்குறைய ஒன்றேதான்.

தறி ஊரில் தூரிகை

திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தில் இருக்கும் சிறு பேரூராட்சி தேசூர். ஆரணிப் பட்டின் பெயர் சொல்லும் நெசவு ஊர்களில் ஒன்று. தெருவில் நடந்தால் தறி மிதிக்கும் சத்தம் கேட்கும். பக்கத்தில் சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எழுப்பிய அவனிபாஜன பல்லவேஸ்வரம் அங்கே இருக்கிறது. அந்தக் குடைவரையின் தூணில் சிவன் ஆடும் சிற்பம் ஒன்று உண்டு. தமிழகத்தில் கிடைத்துள்ள மிகப் பழைய கல் நடராச உருவங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பிற்காலச் சோழர்களின் ஆளுயரச் செப்புத்திருமேனிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது சிறிய உருவம்தான். ஆனால் தூக்கிய காலும் வீசிய கையும் அந்தச் சின்ன இடத்திலேயே அடங்கிவிடுகின்றன. சிறிய உருவத்தில் எதைச் செதுக்குவது, எதை விட்டுவிடுவது என்று தெரிந்த கை அது.

தேசூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கலர் என்பது கடையில் வாங்கும் புட்டி இல்லை. அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வாடாமல்லி, மயில்கழுத்து, வெங்காயச் சருகு என்று ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் தறியில் ஏறிய பாவின் நிறம். எந்த உடலுக்கு எந்தக் கரை எடுக்கும் என்று பத்து வயதிலேயே கருத்துச் சொல்வார்கள். பொம்மைக்கு வண்ணம் தீட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. புதிதாகத் தூரிகை பிடிப்பவர்கள் பலர் தடுக்கி விழுவது கையில் இல்லை, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான்.

நான் எடுத்துக்கொண்டது வீட்டில் கிடந்த பழைய செட்டியார் ஜோடியில் ஆச்சியை. செட்டியார் தொப்பையும் மளிகைச் சாமான்களுமாக நன்றாகத்தான் இருந்தார். ஆச்சிதான் புடவை நிறம் செத்து, மூக்குத்தி மறைந்து, ஒரு விரல் போய் மூளியாகிக் கிடந்தார். அவருக்கு ஆரணிப் பட்டு கட்டிவிடுவது என்று முடிவானது.

அச்சு, சூளை, உப்புத்தாள்

தூரிகையைத் தொடுவதற்கு முன்னால் கையில் இருக்கும் பொம்மை எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அது பிறந்த இடத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

தேசூரிலிருந்து வந்தவாசி வழியாகப் பஸ் ஏறினால் காஞ்சிபுரம். பட்டுக்குப் பேர்போன அந்த ஊரில் பொம்மைக்காகவே பெயர் வாங்கிய தெரு ஒன்று இருக்கிறது, பொம்மைக்காரத் தெரு. கடலூர் வண்டிப்பாளையம், பண்ருட்டி, சென்னை கொசப்பேட்டை, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி என்று தமிழ்நாட்டுக் கொலுப்படிகளுக்குப் பொம்மை அனுப்பும் ஊர்கள் இன்னும் உண்டு. விளாச்சேரிக் கைகள் நவராத்திரிக்குத் துர்க்கையும், சதுர்த்திக்குப் பிள்ளையாரும், டிசம்பரில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் செய்யும் கைகள்.

பொம்மை மூன்று வகையில் வருகிறது. முதலாவது மண். பிசைந்த களிமண்ணை முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் அழுத்தி, இரண்டையும் ஒட்டி, நிழலில் உலர்த்தி, சூளையில் சுடுவார்கள். இரண்டாவது காகிதக் கூழ். ஊறவைத்து அரைத்த காகிதத்தோடு சுண்ணாம்புப் பொடியும் கிழங்கு மாவும் சேர்த்துப் பிசைந்து அச்சில் இடுவார்கள். எடை குறைவு, கீழே விழுந்தாலும் சட்டென்று உடையாது. மூன்றாவது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கரைத்து ஊற்றினால் சீக்கிரம் இறுகிவிடும், வழவழப்பாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் விரல், மூக்கு, குடைக்காம்பு போன்ற மெல்லிய இடங்களில் எளிதில் ஒடியும்.

வீட்டில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண். தூக்கினால் கனமே இல்லாமல் இருந்தால் காகிதக் கூழ். நகத்தால் சுரண்டினால் வெள்ளைப் பொடி உதிர்ந்து, கையிலும் கனமாக இருந்தால் பிளாஸ்டர். காகிதக் கூழையும் பிளாஸ்டரையும் தண்ணீரில் கழுவவே கூடாது. ஒன்று ஊறும், மற்றொன்று உறிஞ்சும்.

எந்த வகையானாலும் அச்சிலிருந்து வந்ததும் ஒட்டுத் தையல் தெரியும். அதை உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை அடித்து, அதன்மேல்தான் நிறம் ஏறும். பட்டறைகளில் பெரும்பாலும் ஒரே ஆள் ஒரு பொம்மையை முழுக்கத் தீட்டுவதில்லை. ஒருவர் உடல் நிறம் அடிப்பார். அடுத்தவர் துணி, இன்னொருவர் நகை. கண் எழுதும் வேலை கை தேர்ந்தவருக்கு. அதுதான் கடைசியும்.

பொம்மைக்காரர்கள் பழையதையே அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019 ஜூலை, ஆகஸ்டில் காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு அத்திவரதர் எழுந்தருளினார். அடுத்து வந்த நவராத்திரிக்குள் சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திவரதர் பொம்மைகள் தயாராகிவிட்டன. ஊரில் நடப்பதைச் செய்தித்தாள் எழுதும், பொம்மைக்காரர் அச்சு வார்ப்பார்.

முதல் பாடம் வெள்ளை

ஆர்வம் மிகுந்தவர்கள் நேராகச் சிவப்புப் புட்டியைத் திறப்பார்கள். அங்கேதான் வேலை கெடும். பழைய பொம்மைக்கு முதல் நாள் வேலை தூசி தட்டுவதும் தேய்ப்பதும் மட்டுமே. காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மூலை முடுக்குத் தூசியை எடுக்க வேண்டும். உதிரும் பழைய நிறத்தை நைசான உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது என்று இந்திய அரசு விதி கொண்டுவந்தது 2016-ல்தான், அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பொம்மையைத் தேய்க்கும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் வைத்துத் தேயுங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிரஷ் முனையை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது மூளி தீர்ப்பது. வார்ஹேமர் தீட்டுகிறவர்கள் உடைந்த கத்திக்கும் கைக்கும் ஒருவகை எபாக்ஸி மாவைப் பயன்படுத்துகிறார்கள். நம் தெருமுனை ஹார்டுவேர் கடையில் தண்ணீர்க் குழாய் அடைக்கக் கிடைக்கும் எம்-சீல் அதே ஜாதிதான். இரண்டு மாவையும் சமமாக எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, சின்ன விரலாக உருட்டி ஒட்ட வேண்டும். நீண்டு நிற்கும் கையோ வேலோ என்றால் உள்ளே ஒரு துண்டு மெல்லிய கம்பி வைத்துவிட்டால் மறுபடி உடையாது. ஈரவிரலால் தடவினால் ஒட்டுத் தெரியாது. இரவு முழுக்க இறுகவிட்டுக் காலையில் உப்புத்தாள் போடலாம்.

பிறகு வெள்ளை. கடையில் பிரைமர் கிடைக்கும். கிடைக்காவிட்டால் வெள்ளை அக்ரிலிக்கே போதும், மெல்லிசாக இரண்டு பூச்சு. இந்த வெள்ளை நிறத்துக்காக மட்டும் இல்லை. மண்ணும் கூழும் உறிஞ்சும் பொருட்கள். நேராக நிறம் அடித்தால் ஓரிடத்தில் ஏறும், ஓரிடத்தில் உள்ளே போகும். வெள்ளை அடித்தபின் எல்லா இடமும் ஒரே மாதிரி நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு மேலே வரும் மஞ்சளும் சிவப்பும் எடுப்பாகத் தெரியும்.

ஜப்பானில் மார்ச் 3-ம் தேதி பெண் குழந்தைகளுக்காக ஹினா மட்சுரி கொண்டாடுவார்கள். சிவப்புத் துணி விரித்த படிகளில் அரசன், அரசி, பணிப்பெண்கள், வாத்தியக்காரர்கள் என்று பொம்மை அடுக்குவது அவர்கள் வழக்கம். நம் கொலுவைப் பார்த்த கண்ணுக்கு அது தூரத்துச் சொந்தம். அந்தப் பொம்மைகளின் முகத்துக்குச் சிப்பி ஓட்டைப் பொடித்துப் பசையில் குழைத்த வெள்ளையைப் பூச்சு மேல் பூச்சாகப் பூசுவார்கள். நம் பொம்மைக்காரரின் சுண்ணாம்பு வெள்ளைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே போனாலும் முகத்துக்கு அடிப்படை வெள்ளைதான்.

மயில்கழுத்து எப்படி வரும்?

ஆச்சிக்கு வேண்டியது மயில்கழுத்து நிறம். கடையில் அந்தப் பெயரில் புட்டி இருக்கலாம். ஆனால் தறியில் அந்த நிறம் ஒற்றை நூலிலிருந்து வருவதில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடும்போது, புடவை மடிகிற இடத்தில் ஒன்று தெரியும், விரிகிற இடத்தில் மற்றொன்று தெரியும். அந்த ஆட்டம்தான் மயில்கழுத்து. மண் பொம்மையில் நூல் கிடையாது. ஆனால் மடிப்பு இருக்கிறது. அச்சு வார்த்தவர் கொசுவத்தை ஆழமாகவே வெட்டியிருக்கிறார். அந்த மேடு பள்ளத்தை வைத்தே இரட்டை நிறம் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் புடவை முழுக்க நடுத்தர நீலம், இரண்டு மெல்லிய பூச்சு. அக்ரிலிக்கைப் புட்டியிலிருந்து எடுத்தபடியே பூசினால் தூரிகைத் தடம் வரிவரியாக நின்றுவிடும். அச்சில் வெட்டிய மடிப்பும் அடைத்துப் போகும். துளித்துளியாகத் தண்ணீர் சேர்த்து நீர்மோர்ப் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் பூச்சில் அடியிலிருக்கும் வெள்ளை தெரியும். பயப்படாமல் காயவிட்டு இரண்டாவது பூச்சு பூச வேண்டும். கெட்டியாக ஒன்று பூசுவதைவிட மெல்லிசாக இரண்டு பூசுவது மேல் என்பது உலகம் முழுக்க இந்த வேலையில் முதல் பாடம்.

நீலம் நன்றாகக் காய்ந்தபின் அதே நீலத்தில் துளி கறுப்புச் சேர்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து, மடிப்புகளின் மேல் ஓடவிட வேண்டும். மேட்டில் நிற்காமல் அது தானாகப் பள்ளத்தில் போய்த் தங்கும். இதை ‘வாஷ்’ என்பார்கள். ஒரே தடவையில் கொசுவம் எழுந்து நிற்கும். மேட்டில் தேங்கினால் காய்வதற்குள் சுத்தமான ஈரத்தூரிகையால் தொட்டு எடுத்துவிடலாம்.

கடைசியில் பச்சை. தேய்ந்துபோன பழைய தட்டைத் தூரிகையில் பச்சையைத் தொட்டு, உடனே பழந்துணியில் துடைக்க வேண்டும். தூரிகையில் நிறமே இல்லை என்று தோன்றும்வரை துடைத்துவிட்டு, மடிப்புகளின் முதுகில் குறுக்காக லேசாகத் தேய்த்தால் மேட்டில் மட்டும் பச்சை பொடிப்பொடியாக ஒட்டும். பள்ளத்தில் கருநீலம், சரிவில் நீலம், முதுகில் பச்சை. வெளிச்சத்தில் பொம்மையைத் திருப்பினால் புடவை நிறம் மாறுவது போலவே இருக்கும். ‘டிரை பிரஷ்’ என்று பெயர் சொல்லி இதைத் தனிப் பாடமாக நடத்துகிறார்கள். வேண்டியதெல்லாம் ஒரு வீணான பிரஷ்தான். புதிய பிரஷ்ஷில் இதைச் செய்தால் அது அன்றோடு போயிற்று.

கரை வளையாது

புடவை முடிந்ததும் கரை. பென்சில் எடுத்த நேரத்தில் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார், தறியில் வாழ்நாளைக் கழித்த சித்தப்பா ஒருவர். பொம்மையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கலர் நல்லாத்தான் வந்துகீது. இந்தக் கொசுவத்துல கரைய எப்படிம்மா கொண்டு போவப் போற?”

“மடிப்பு எங்க வளையுதோ அங்கங்க வளைச்சுக்கலாம்னு இருக்கேன் சித்தப்பா.”

“வளைக்காத. வளையறது துணி, கரை வளையாது. மடிப்பு உள்ள போற எடத்துல கரையும் கூடவே உள்ள போவணும். அந்தாண்ட வெளிய வரும்போது அதே அகலத்துல வரணும். அடி ஓரத்துலருந்து அளந்து புள்ளி வச்சுக்க. புள்ளிய சேர்த்தா தானா வரும்.”

நெசவில் கோர்வைப் புடவை என்றால் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா. மூன்றும் ஓட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு ஆள் வேண்டும். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அந்தச் சந்திப்பு பிசிறில்லாமல் இருப்பதில்தான் நெசவாளரின் பேர் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பொம்மைக் கரை கால் நூலிழை தள்ளினாலும் தெரிந்துவிடும்.

புள்ளி வைக்கும் யோசனை எந்தப் பொம்மைக்கும் உதவும். புடவையின் அடி ஓரத்திலிருந்து ஒரே உயரத்தில் ஒவ்வொரு மடிப்பின் முதுகிலும் ஒரு புள்ளி, பள்ளத்திலும் ஒரு புள்ளி. பிறகு கோட்டை நீளமாக இழுக்க முயலாமல், புள்ளிக்குப் புள்ளி சிறு சிறு கோடாகச் சேர்க்க வேண்டும். சுண்டுவிரலைப் பொம்மை மேல் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே கோடு இழுத்தால் இன்னும் நிதானம் கிடைக்கும். பொம்மையை நேராகக் கையில் பிடிக்காமல், ஒரு டப்பா மூடியில் இருபக்க டேப்பால் ஒட்டி மூடியைப் பிடித்துக்கொண்டால் எந்தக் கோணத்துக்கும் திருப்பலாம். பூசிய நிறமும் கையில் ஒட்டாது.

ஜரிகைக்கு அடியில் சிவப்பு

கரைக்குள் ஜரிகை வேண்டும். வெள்ளை மேல் தங்க நிறத்தை நேராகப் பூசினால் வெளிறிப் பித்தளை மாதிரி தெரியும். காரணம் தேசூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அசல் ஜரிகை இழையைப் பிரித்தால் நடுவில் சாயம் ஏற்றிய பட்டு நூல் இருக்கும், பெரும்பாலும் சிவப்பு. அதன்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியிருப்பார்கள். உள்ளேயிருக்கும் சிவப்புதான் மேலேயிருக்கும் தங்கத்துக்குச் சூடு கொடுக்கிறது.

ஐரோப்பாவில் மரச்சட்டத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டியவர்களும் அடியில் செம்மண் பூச்சுப் பூசினார்கள். வார்ஹேமர் கவசத்துக்குத் தங்கம் தீட்டுகிறவர்களும் அடியில் பழுப்பு அடிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காத மூன்று தொழில்கள் கண்டுபிடித்த ஒரே உண்மை. ஆச்சியின் கரைக்கும் அதேதான். முதலில் அரக்குச் சிவப்பு, காய்ந்தபின் மேலே தங்கம். நகைக்கும் இப்படியே. தங்கப் புட்டியில் பொடி அடியில் தங்கிவிடும், ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். தங்கம் கலந்த தண்ணீரில் வேறு பிரஷ்ஷைக் கழுவினால் அடுத்து எழுதும் முகத்தில் மினுமினுப்பு ஒட்டிக்கொள்ளும். தங்கத்துக்குத் தனிக் கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் கடைசியில்

சிற்பிகள் விக்கிரகத்துக்குக் கண் திறப்பதைக் கடைசிச் சடங்காக வைத்திருக்கிறார்கள். பொம்மைக்காரரும் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார். இதில் பக்தியும் இருக்கிறது, தொழில் கணக்கும் இருக்கிறது. மற்ற வேலை எல்லாம் முடிந்து, கை பழகி, தூரிகையின் குணம் தெரிந்தபின் கண்ணுக்கு வருவது நல்லது.

புதிதாக எழுதுகிறவர்களின் பொம்மை பெரும்பாலும் திடுக்கிட்டு முழிக்கும். கருவிழியைக் கண்ணின் நட்டநடுவில் வட்டமாக மிதக்கவிடுவதுதான் அதற்குக் காரணம். கண்ணாடியில் உங்கள் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் மேல்பகுதி இமைக்குள் ஒளிந்திருக்கும். பொம்மைக்கும் கருவிழி மேல் இமைக் கோட்டைத் தொட வேண்டும்.

வரிசை இது. கண் குழிக்கு முழு வெள்ளை வேண்டாம், துளி சந்தன நிறம் கலந்த வெள்ளை. மேல் இமைக்கு அடர்பழுப்புக் கோடு. பிறகு கருவிழி. எழுதக் கை வராத பக்கத்துக் கண்ணை முதலில் எழுதுங்கள். எளிதான கண்ணை அதற்கு ஏற்ப எழுதிவிடலாம், மாற்றிச் செய்தால் முடியாது. இரண்டு விழியும் ஒரே திசையைப் பார்க்கிறதா என்று கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கொலுவில் பொம்மையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. கடைசியாகக் கருவிழியில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி, இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில். அது விழுந்த அடுத்த நொடி பொம்மை உங்களைப் பார்க்கும்.

தொடங்குவதற்கு இவ்வளவு போதும்

* தூரிகை: நுனி கூரான 0, 1, 4 எண்கள் ஒவ்வொன்று. தேய்க்க ஒரு பழைய தட்டைத் தூரிகை.
* நிறம்: வெள்ளை, கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், அடர்பழுப்பு, தங்கம். பச்சையையும் மற்றதையும் கலந்துகொள்ளலாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் சாதாரண அக்ரிலிக் போதும்.
* ஈரத்தட்டு: டிபன் டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன்மேல் பட்டர் பேப்பர். புரட்டாசி வெயிலிலும் கலந்த நிறம் சீக்கிரம் காயாது.
* எம்-சீல், நைசான உப்புத்தாள், முகக்கவசம், பழந்துணி, இரண்டு கிண்ணம் தண்ணீர்.
* முடிவில் மேலே பூச மேட் வார்னிஷ். பளபளப்பு வார்னிஷ் நகைக்கும் கண்ணுக்கும் மட்டும்.
* முதல் பொம்மையாகச் சாமியை எடுக்காதீர்கள். காய்கறிக்காரியோ போலீஸ்காரரோ பசுமாடோ எடுத்தால் மனசில் பாரமில்லாமல் பழகலாம்.

தொடக் கூடாத பொம்மைகள்

தூரிகை கைக்கு வந்ததும் வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் நிறம் அடிக்கத் தோன்றும். சிலவற்றை விட்டுவிடுங்கள். மரப்பாச்சிக்கு மரத்தின் நிறமே அழகு. அதற்கு வேண்டியது துணிதான். தறி வீடுகளில் மிஞ்சும் பட்டுத் துண்டு அதற்கென்றே இருக்கிறது. தலைமுறைகளாக வீட்டில் இருக்கும் பழைய மண் பொம்மைகளில் அந்தக் காலத்துக் கையின் கோடு இருக்கும். நிறம் மங்கியிருந்தாலும் அதன்மேல் புதுப்பூச்சு வேண்டாம். அப்படிப்பட்டவற்றைத் தூசி தட்டி, மென்மையான பருத்தித் துணியில் சுற்றிவைத்தால் போதும். தினத்தாளில் சுற்றினால் அச்சு மை பொம்மையில் இறங்கும். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைக்கு எடைக் கணக்கு உண்டு. தலையில் எம்-சீல் ஏற்றினால் ஆட்டம் கெட்டுவிடும்.

விலை பேசும் வாய்

ஆச்சியை முடித்துப் படியில் வைத்தபிறகு தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. அரையடி பொம்மைக்கு இவ்வளவா என்று கடைவாசலில் கேட்கிறவர்கள் யாரும் அரையடி பொம்மை ஒன்றைத் தீட்டிப் பார்த்தவர்கள் இல்லை.

பொம்மைக்காரருக்கு விற்பனை சில வாரங்கள். வேலை ஆண்டு முழுக்க. மண்ணுக்கும் காகிதத்துக்கும் பெயின்டுக்கும் முன்கூட்டியே பணம் போட வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பொம்மை காயாது, சூளை எரியாது. விற்காதது அடுத்த ஆண்டுவரை இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மண் பொம்மையும் அச்சு, ஒட்டு, உலர்த்தல், சூடு, தேய்ப்பு, வெள்ளை, உடல், துணி, நகை, கண் என்று பத்துக் கட்டம் தாண்டித்தான் நம் கைக்கு வருகிறது. இதைத் தேசூருக்கு விளக்க வேண்டியதில்லை. நாள்கணக்கில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்த புடவையை, ஏசி ஷோரூமில் ஒருவர் இரண்டு விரலால் தடவிப் பார்த்து “கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க” என்று கேட்பதைக் கேட்டே பழகிய ஊர் இது. நெசவாளர் கொலு பொம்மை வாங்கப் போனால் விலையைக் கேட்பார், கொடுப்பார், கையிருப்பு குறைவு என்றால் சின்னதாக வாங்குவார். கையால் செய்கிறவருக்குக் கையால் செய்கிறவரின் கஷ்டம் தெரியும்.

மற்றவர்களுக்கு அந்தப் பாடம் எங்கே கிடைக்கும்? ஒரு தூரிகையில் கிடைக்கும். பொழுதுபோக்காகப் பொம்மை தீட்டப் பழகுவதால் நாம் யாரும் பொம்மைக்காரர் ஆகிவிடப் போவதில்லை, அவர் வேலையைக் கெடுக்கவும் போவதில்லை. ஒரு கரையைப் பிசிறில்லாமல் இழுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் கை தெரிந்துகொள்ளும். அது தெரிந்த கை, பேரம் பேச நீளாது.

ஆகவே இந்த நவராத்திரிக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். பரணிலிருந்து மூளியான பொம்மை ஒன்றை இறக்கி, வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்களே தீட்டிப் படியில் வையுங்கள். அதன் பக்கத்தில் வைக்கப் புதிதாக ஒரு பொம்மை வாங்குங்கள். முடிந்தால் செய்கிறவரின் தெருவுக்கே போய் வாங்குங்கள். அவர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.